போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூலைட்: எதை, எப்படி ஒப்பிடுவது?

திறமூல உறவுசார் தரவுத்தளங்களை ஒப்பிடும் அட்டவணைகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. இடப்பக்கம் வசதிகளின் பெயர்கள், மேல்வரியில் மென்பொருள்களின் பெயர்கள், நடுவில் சரிக்குறியோ தவறுக்குறியோ இருக்கும். இத்துறைக்குப் புதிதாக வருபவர் சரிக்குறிகளை எண்ணிப் பார்த்து, அதிகம் பெற்றதைத் தேர்ந்தெடுப்பது இயல்புதான். ஆனால் அந்தக் குறிகள் வெகு விரைவில் பழையவையாகிவிடுகின்றன. ஒரு நெடுவரிசையின் மதிப்பு குறித்த நிபந்தனைக்குள் இருக்க வேண்டும் என்று விதிக்கும் 'செக்' கட்டுப்பாட்டை மைஎஸ்க்யூஎல் மதிப்பதில்லை என்பது 2019 ஏப்ரலில் 8.0.16 பதிப்பு வரும்வரை உண்மையாக இருந்தது. அதுவரை அந்தக் கட்டுப்பாட்டை எழுதினால் மைஎஸ்க்யூஎல் பிழை எதுவும் காட்டாமல் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். 'வரிசை இல்லையென்றால் சேர், இருந்தால் திருத்து' என்ற ஒரே கட்டளை போஸ்ட்கிரெஸில் கிடையாது என்பது 2016 ஜனவரியில் 9.5 பதிப்பு வரும்வரை உண்மை. நெடுவரிசையின் தரவு வகையை எஸ்க்யூலைட் கட்டாயப்படுத்தாது என்பது 2021 நவம்பரில் கண்டிப்பான அட்டவணைகள் என்ற தெரிவு சேர்க்கப்படும்வரை உண்மை. இந்த மூன்று கூற்றுகளும் இன்றும் பல பக்கங்களில் மாறாத உண்மைகளைப் போலவே எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே ஒரு தரவுத்தளத்தை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். இன்று அது எதைச் செய்கிறது என்பது ஒன்று. அடுத்து அது எதைச் செய்யப்போகிறது என்பதை யார், எந்த முறையில் தீர்மானிக்கிறார்கள் என்பது மற்றொன்று. ஒரு செயலியின் நிரலைச் சில ஆண்டுகளில் முழுமையாக மாற்றி எழுதிவிடலாம். அதன் அடியில் இருக்கும் தரவுத்தளமோ பத்து, பதினைந்து ஆண்டுகள் அப்படியே தொடர்வது வழக்கம். அதனால் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிடச் சற்றும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து.

பொதுவான அடித்தளம்

உறவுசார் தரவுத்தளம் என்ற எண்ணத்தை 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்தார். தரவு வட்டில் எந்த இடத்தில், எந்த அமைப்பில் இருக்கிறது என்பதைப் பயனர் அறியத் தேவையில்லை. எல்லாத் தரவையும் அட்டவணைகளாகக் கருதி, 'இந்த நிபந்தனைக்கு உட்பட்டவற்றைத் தா' என்று கேட்டால் போதும். எந்த வழியில் தேடி எடுப்பது என்பதை மென்பொருளே முடிவுசெய்து கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். அப்படிக் கேட்பதற்காகப் பிறந்த மொழிதான் எஸ்க்யூஎல்.

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்களுக்கு ஓர் அட்டவணை, நூல்களுக்கு ஓர் அட்டவணை, யார் எந்த நூலை எப்போது எடுத்துச் சென்றார் என்பதற்கு மூன்றாவதாக ஓர் அட்டவணை. மூன்றாவது அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் உறுப்பினர் எண்ணும் நூல் எண்ணும் இருக்கும். உறுப்பினர் அட்டவணையில் இல்லாத எண் அங்கே இடம்பெறக் கூடாது என்று விதிக்கலாம். இதை அயல் திறவுகோல் என்பார்கள். நூலை வழங்கும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ வேண்டும்: கடன் பதிவில் ஒரு வரிசை சேர வேண்டும், கையிருப்பில் ஒன்று குறைய வேண்டும். முதல் மாற்றம் முடிந்து, இரண்டாவது தொடங்குவதற்குள் மின்சாரம் போனால் கணக்கு பிழையாகிவிடும். இரண்டையும் ஒரு பரிவர்த்தனையாகக் கட்டி, நிகழ்ந்தால் இரண்டும் நிகழட்டும், இல்லையெனில் எதுவுமே நிகழாததுபோல் ஆகட்டும் என்று உறுதியளிப்பதே இவ்வகைத் தரவுத்தளங்களின் தலையாய பணி.

நாம் பார்க்கும் நான்கு மென்பொருள்களும் இதுவரை சொன்ன அனைத்தையும் செய்கின்றன. எனினும் அவற்றின் இயல்பு நிலை ஒன்றல்ல. எஸ்க்யூலைட்டில் அயல் திறவுகோல் சோதனை, பழைய செயலிகள் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக, தொடக்கத்தில் அணைக்கப்பட்டே இருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் பழைய மைஐசாம் என்ற சேமிப்பு எஞ்சினை (தரவை வட்டில் எழுதிப் படிக்கும் பகுதி) கொண்டு உருவாக்கிய அட்டவணைகளில் பரிவர்த்தனையே கிடையாது. இன்னோடிபி என்ற எஞ்சின் 2010-இல் வந்த 5.5 பதிப்பு முதல் இயல்புத் தெரிவாக இருப்பதால் புதிய அட்டவணைகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

பழைய மதிப்பு எங்கே இருக்கிறது?

உண்மையான வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் நூலகத்தின் மொத்தக் கையிருப்பைக் கணக்கிடும் நீண்ட வினவலை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, வேறொருவர் ஒரு நூலின் எண்ணிக்கையைத் திருத்துகிறார் என்று கொள்வோம். படிப்பவர் முடிக்கும்வரை திருத்துபவரைக் காத்திருக்கச் செய்தால் வேலை முடங்கும். காத்திருக்கச் செய்யாமல் விட்டால், படிப்பவருக்குப் பாதி பழையதும் பாதி புதியதுமான கணக்கு கிடைக்கும். இதற்குத் தீர்வாக, திருத்தத்துக்கு முந்தைய மதிப்பையும் பிந்தைய மதிப்பையும் சிறிது காலம் சேர்த்தே வைத்திருந்து, ஒவ்வொருவருக்கும் அவர் தொடங்கிய நேரத்துக்கு உரிய மதிப்பைக் காட்டுகிறார்கள். போஸ்ட்கிரெஸும் இன்னோடிபியும் இந்த உத்தியைத்தான் கையாள்கின்றன. ஆனால் பழைய மதிப்பை எங்கே வைப்பது என்பதில் இரண்டும் நேர்மாறான முடிவுகளை எடுத்தன.

போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய வரிசை அதே அட்டவணையில் அப்படியே இருக்கும். திருத்தப்பட்ட வரிசை புதிதாக எழுதப்படும். யாருக்கும் தேவைப்படாத பழைய வரிசைகளைப் பின்னர் வேக்யூம் என்ற பின்னணிப் பணி கண்டறிந்து, அந்த இடத்தை மீண்டும் பயன்படுத்தும்படி விடுவிக்கும். இன்னோடிபியில் வரிசை அதன் இடத்திலேயே திருத்தப்படும். பழைய மதிப்பை மீட்டெடுக்கத் தேவையான விவரம் அன்டூ பதிவு என்ற தனி இடத்துக்குச் செல்லும்.

இந்த ஒரு முடிவிலிருந்து பல விளைவுகள் கிளைக்கின்றன. போஸ்ட்கிரெஸில் பெரிய பரிவர்த்தனை ஒன்றைப் பாதியில் கைவிட்டால் அது உடனே முடிந்துவிடும். பழைய வரிசைகள் இடம் மாறவே இல்லை என்பதால் திருப்பி எழுத வேண்டியது எதுவும் இல்லை. இன்னோடிபியில் அதே செயல், செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எழுத வேண்டியிருப்பதால் நீண்ட நேரம் பிடிக்கலாம். மறுபுறம், அடிக்கடி திருத்தப்படும் அட்டவணை போஸ்ட்கிரெஸில் ஊதிப் பெருகும். வேக்யூம் சரியாக ஓடாவிட்டால் வேகம் குறைவதோடு, பரிவர்த்தனை எண்கள் 32 பிட் அளவுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், மிகவும் அலட்சியமாக விடப்பட்ட தரவுத்தளம் ஒரு கட்டத்தில் தன்னைக் காத்துக்கொள்ளப் புதிய மாற்றங்களை ஏற்க மறுத்துவிடும். புதிதாக வருபவர்கள் வேக்யூமைத் தேவையற்ற சுமை என்று கருதி அணைத்துவிடுவதுண்டு. அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்களான இண்டெக்ஸ்களும் இதனால் வேறுபடுகின்றன. இன்னோடிபி அட்டவணை, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலின் வரிசைக்கிரமத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். மற்ற இண்டெக்ஸ்கள் முதன்மைத் திறவுகோலைச் சுட்டும். போஸ்ட்கிரெஸில் எல்லா இண்டெக்ஸ்களும் வரிசை இருக்கும் இடத்தையே நேரடியாகச் சுட்டுவதால், வரிசையின் புதிய வடிவம் வேறு பக்கத்தில் (வட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதி) எழுதப்படும்போது ஒவ்வோர் இண்டெக்ஸிலும் புதிய குறிப்பைச் சேர்க்க நேரும். அதே பக்கத்தில் இடம் இருந்து, இண்டெக்ஸ் செய்யப்பட்ட நெடுவரிசை எதுவும் மாறாமல் இருந்தால் மட்டும் இதைத் தவிர்க்கும் ஏற்பாடு உண்டு. ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2016-இல் போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறியதற்குக் கூறிய காரணங்களில் இந்தக் கூடுதல் எழுத்துச் சுமையும் ஒன்று. அந்த அளவுக்குத் திருத்தங்கள் நிகழும் செயலி நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. அவர்களுடைய முடிவை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை; அதன் பின்னால் இருக்கும் காரணத்தைப் புரிந்துகொள்வதே பயன் தரும்.

அன்றாட வேலையில் தெரியும் வேறுபாடுகள்

அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகளைப் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் பரிவர்த்தனைக்குள்ளேயே அனுமதிக்கிறது. ஐந்து மாற்றங்களில் நான்காவது தோற்றால் முதல் மூன்றும் சேர்ந்தே நீங்கிவிடும். எஸ்க்யூலைட்டும் இப்படியே. மைஎஸ்க்யூஎல்லில் அத்தகைய கட்டளை ஒவ்வொன்றும் அதுவரை செய்ததை உடனே நிலைப்படுத்திவிடும், 8.0 பதிப்பு முதல் தனியொரு கட்டளை பாதியில் நின்று அட்டவணையைக் குலைப்பதில்லை என்றாலும், பல கட்டளைகளைச் சேர்த்துப் பின்வாங்க முடியாது. செயலியின் புதிய பதிப்போடு அட்டவணை மாற்றங்களையும் அடிக்கடி வெளியிடும் சிறு குழுக்களுக்கு, நீண்ட வசதிப் பட்டியலில் உள்ள பல வரிகளைவிட இந்த ஒன்று பெரிய நிம்மதியைத் தரும்.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸை, அதாவது தனித்து இயங்கும் ஒரு நிரலை, தொடங்குகிறது. மைஎஸ்க்யூஎல்லும் மரியாடிபியும் ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகளான திரெட்களைப் பயன்படுத்துகின்றன. ஆயிரக்கணக்கான குறுகிய இணைப்புகள் வரும் இடங்களில் போஸ்ட்கிரெஸுக்கு முன்னால் பிஜிபவுன்சர் போன்ற, சில இணைப்புகளைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் இணைப்புத் தொகுப்பி ஒன்றை வைப்பது வழக்கம். வட்டில் உள்ள தரவை மறையாக்கம் செய்யும் வசதி மைஎஸ்க்யூஎல்லிலும் மரியாடிபியிலும் உள்ளமைந்தே வருகிறது; 18 வரையிலான போஸ்ட்கிரெஸின் மையத்தில் அது இல்லை. வேறொரு சர்வருக்குத் தரவை உடனுக்குடன் நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் மைஎஸ்க்யூஎல்லில் மிகப் பழையது. போஸ்ட்கிரெஸில் அது உள்ளமைந்த வசதியாக 2010-இல் 9.0 பதிப்பில்தான் வந்தது. மைஎஸ்க்யூஎல் இணையதளங்களின் இயல்பான தெரிவாக நீண்ட காலம் விளங்கியதற்கு இந்த முந்துதல் ஒரு பெரிய காரணம்.

போஸ்ட்கிரெஸின் தனி வலிமை அதன் விரிவாக்கத் தன்மை. புதிய தரவு வகை, புதிய செயற்குறி, புதிய இண்டெக்ஸ் முறை ஆகியவற்றை மைய நிரலைத் தொடாமலே வெளியார் சேர்க்கலாம். புவியியல் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் 2001 முதல் இப்படித்தான் வளர்ந்து வருகிறது. இது தற்செயலாக அமைந்ததன்று. 1986-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் இத்திட்டத்தைத் தொடங்கியபோதே, பயனர் தாமே தரவு வகைகளை வரையறுக்க முடிய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது.

மரியாடிபி, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து 2009-இல் கிளைத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. இன்றைய நிலையில் அது தவறு. செயலிகள் தரவைப் பரிமாறப் பயன்படுத்தும் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தை மைஎஸ்க்யூஎல் தனி இரும (பைனரி) வடிவில் சேமிக்கிறது. மரியாடிபியில் ஜேசன் என்பது நீண்ட எழுத்துச்சரத்துக்கு வைத்த மறுபெயர். ரெப்ளிகேஷனில் பரிவர்த்தனைகளை அடையாளம் காட்டும் எண்முறையும் வேறு. மரியாடிபியில் 2018-இல் 10.3 பதிப்பு முதல் ஓர் அட்டவணை தன் பழைய நிலைகளைத் தானாகவே நினைவில் வைத்திருக்கச் செய்யலாம். 'சென்ற ஜனவரி முதல் நாளில் இந்த உறுப்பினரின் முகவரி என்ன?' என்று நேரடியாகக் கேட்கலாம். தணிக்கை தேவைப்படும் கணக்குகளுக்கு இது மிகப் பயனுள்ள வசதி. மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

எஸ்க்யூலைட் வேறு இனம். அதற்குச் சர்வரே கிடையாது. செயலியோடு சேர்ந்து இயங்கும் ஒரு நிரல் தொகுப்பாக (லைப்ரரி) அமைந்து, முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்பில் வைக்கிறது. உங்கள் கைப்பேசியில் இப்போது பல எஸ்க்யூலைட் கோப்புகள் இருக்கும். மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவுக் கோப்பில் எழுதும், 2010 முதல் கிடைக்கும் முறையை இயக்கினால், ஒருவர் எழுதும்போதே பலர் படிக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும். பல கணினிகளிலிருந்து பலர் ஒரே நேரத்தில் எழுதும் தேவை இருந்தால் இது பொருந்தாது. அத்தேவை இல்லாத இடங்களில் சர்வர் நிறுவி, கடவுச்சொல் அமைத்து, கண்காணித்துப் பராமரிக்கும் வேலை முழுவதையும் மிச்சப்படுத்துகிறது.

வளர்ச்சித் திட்டம் என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் வளர்ச்சித் திட்டம் என்பது, அடுத்த ஆண்டு இன்னது வரும் என்று நிறுவனம் சொல்லும் வாக்கு. போஸ்ட்கிரெஸில் அப்படி வாக்குக் கொடுக்கக் கூடியவர் எவரும் இல்லை. அதற்கு உரிமையாளரான நிறுவனம் இல்லை. உலகெங்கும் பல நிறுவனங்களில் பணியாற்றும் பொறியாளர்கள் தாங்கள் எழுதிய பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, பொது அஞ்சல் பட்டியலில் வைக்கிறார்கள். ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் கமிட்ஃபெஸ்ட் என்ற பரிசீலனைக் காலங்களில் மற்றவர்கள் அவற்றைப் படித்துக் குறை சொல்கிறார்கள். ஏப்ரலில் புதிய வசதிகளைச் சேர்ப்பது நிறுத்தப்படும். செப்டம்பர் அல்லது அக்டோபரில் புதிய முதன்மைப் பதிப்பு வரும். ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். வெளியீட்டு நாள்காட்டி இவ்வளவு உறுதியாக இருந்தும், அதில் எந்த வசதி இடம்பெறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதற்குச் சான்றுகள் பல. ஓர் அட்டவணையின் தரவை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சேர்க்கவோ திருத்தவோ செய்யும் மெர்ஜ் என்ற கட்டளை 2018-இல் 11 பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டு, அதன் அமைப்பு சரியில்லை என்று நீக்கப்பட்டு, நான்கு ஆண்டுகள் கழித்து 2022-இல் 15 பதிப்பில்தான் வந்தது. அதே 15 பதிப்பின் சோதனை வெளியீடுகளில் இருந்த, ஜேசன் தரவை அட்டவணையாகக் காட்டும் வசதி, இறுதி வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னதாகத் திரும்பப் பெறப்பட்டு, 2024-இல் 17 பதிப்பில் இடம்பெற்றது. வட்டிலிருந்து தரவு வரும்வரை காத்திராமல் அடுத்த வேலையைத் தொடரும் ஒத்திசையா உள்ளீட்டு முறை, பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2025 செப்டம்பரில் 18 பதிப்பில் வந்தது. புராசஸ்களை விட்டுவிட்டுத் திரெட்களுக்கு மாறலாமா என்று 2023-இல் போஸ்ட்கிரெஸ் பொறியாளர் ஹெய்க்கி லின்னகாங்காஸ் தொடங்கிய விவாதம் இன்னும் நீண்ட காலத்துக்கு உரியது. ஆகவே போஸ்ட்கிரெஸைப் பொறுத்தவரை, வெளிவந்த பதிப்பின் குறிப்பேட்டில் இருப்பதை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு வசதி வரும் என்று நம்பி உங்கள் திட்டத்தை அமைப்பது தவறு. சரியாக அமையாததை வெளியிட மறுக்கும் இந்தப் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். தரவைக் காக்கும் மென்பொருளுக்கு வேண்டிய குணம் இதுவே.

ஒரே நிறுவனத்தின் பிடிக்குள் போகாமல் இருப்பதற்கும் அங்கே தொடர் முயற்சி தேவைப்படுகிறது. 2020-இல் என்டர்பிரைஸ்டிபி நிறுவனம் செகண்ட்குவாட்ரன்ட் நிறுவனத்தை வாங்கியபோது, போஸ்ட்கிரெஸின் மையக் குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட்டனர். பாதிக்கு மேல் ஒரு நிறுவனத்தவர் இருக்கக் கூடாது என்ற எழுதப்படாத மரபைக் காக்க, வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இருவரைக் குழுவில் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள்.

மைஎஸ்க்யூஎல்லின் கதை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. 1995-இல் சுவீடனில் தொடங்கிய அதை 2008-இல் சன் நிறுவனம் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010 ஜனவரியில் சன் நிறுவனமே ஆரக்கிளின் கைக்குச் சென்றது. அந்த மாற்றம் முடிவாகும் முன்பே, அதை ஏற்காத நிறுவனர்களில் ஒருவரான மான்டி விடேனியஸ் மரியாடிபியைத் தொடங்கிவிட்டார். மைஎஸ்க்யூஎல்லின் நிரல் ஜிபிஎல் 2 என்ற திறமூல உரிமத்தின் கீழ் திறந்தே இருக்கிறது. என்றாலும் எது சேரும் என்பதை ஆரக்கிளே முடிவுசெய்கிறது. வெளியார் நிரல் அளிக்க வேண்டுமானால் ஆரக்கிளோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். சில வசதிகள் கட்டணப் பதிப்புக்கோ மேகச் சேவைக்கோ மட்டும் ஒதுக்கப்படுகின்றன. இதனால் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. நிறுவனத்தின் முழுநேரப் பொறியாளர்கள் இருப்பதால், இன்னோடிபியும், பல சர்வர்கள் ஒரு குழுவாக இயங்கும் குழு ரெப்ளிகேஷனும் சீராகவும் ஆழமாகவும் வளர்ந்திருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல்லின் வெளியீட்டு முறை 2023-இல் மாறியதைப் புதியவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அதற்கு முன் 8.0 வரிசையின் சிறு வெளியீடுகளிலேயே புதிய வசதிகளும் நடத்தை மாற்றங்களும் கலந்து வந்ததால், பிழைத்திருத்தத்துக்காக மேம்படுத்தியவர்கள் எதிர்பாராத மாற்றங்களைச் சந்தித்தார்கள். இப்போது புதுமைப் பதிப்புகள், நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் என்று இரண்டு தடங்கள் உள்ளன. 2024 ஏப்ரலில் வந்த 8.4 நீண்டகாலப் பதிப்பு. அதற்கு எட்டு ஆண்டு ஆதரவு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் வந்த 9.0 எண்ணில் பெரியதாக இருந்தாலும், அடுத்த வெளியீடு வரும்வரை மட்டுமே ஆதரவு பெற்ற புதுமைப் பதிப்பு. பெரிய எண்ணைக் கண்டு அதை அலுவலக சர்வரில் நிறுவிவிடக் கூடாது. 8.0 வரிசையின் ஆதரவு 2026 ஏப்ரலோடு முடிவதாக அறிவிக்கப்பட்டது.

மரியாடிபியில் வேலைத் திட்டங்கள் பொதுவில் உள்ள பணிப்பட்டியலில் பதியப்படுகின்றன. எந்த வசதி எந்தப் பதிப்புக்குக் குறிக்கப்பட்டுள்ளது என்பதை யாரும் பார்க்கலாம். 2012 முதல் இயங்கும் ஓர் அறக்கட்டளை நிரலின் தொடர்ச்சிக்குப் பொறுப்பேற்கிறது. பெரும்பகுதி நிரலை எழுதுவது அதே பெயருடைய தனி வணிக நிறுவனம். அந்த நிறுவனம் 2022 டிசம்பரில் பங்குச்சந்தையில் நுழைந்து, 2024-இல் கே1 என்ற முதலீட்டு நிறுவனத்தால் வாங்கப்பட்டது. நிறுவனத்தின் நிலை மாறினாலும் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்த நிரலை எவராலும் திரும்பப் பெற முடியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள கருவிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மேக்ஸ்கேல் என்ற இடைநிலை சர்வர் 2016-இல் திறமூல உரிமத்திலிருந்து வேறோர் உரிமத்துக்கு மாறியது. ஆகவே தரவுத்தளத்தின் உரிமத்தோடு, நீங்கள் சார்ந்திருக்கப்போகும் ஒவ்வொரு துணைக்கருவியின் உரிமத்தையும் படித்துப் பார்க்க வேண்டும்.

எஸ்க்யூலைட்டை 2000-இல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கினார். அதன் நிரல் பதிப்புரிமைக்கு உட்படாத பொதுச் சொத்து. எந்த உரிமமும் தேவையில்லை. எனினும் வெளியாரின் பேட்ச்களை அது பொதுவாக ஏற்பதில்லை. மிகச் சிறிய குழு ஒன்றே எழுதுகிறது. அக்குழு 2050 வரை ஆதரவு தருவதாக அறிவித்திருக்கிறது. கோப்பு வடிவம் 2004-இலிருந்து பின்னோக்கிய பொருத்தத்தோடு காக்கப்பட்டு வருகிறது. தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் பாதுகாக்க அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று. பெரிய புது வசதிகளை இங்கே எதிர்பார்க்க முடியாது. மாறாமல் இருப்பதையே இத்திட்டத்தின் வாக்காகக் கொள்ளலாம்.

ஒரே தேவை, நான்கு வழிகள்

இந்த வேறுபாடுகள் ஒன்றுசேர்ந்து தெரிந்த அண்மைக்கால நிகழ்வு, வெக்டர் தேடல் நான்கிலும் நுழைந்த விதம். எழுத்தையோ படத்தையோ நீண்ட எண்வரிசையாக மாற்றி, ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றைக் கண்டறியும் இத்தேவை, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் திடீரென்று பெருகியது. போஸ்ட்கிரெஸின் மையக் குழு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 2021-இலேயே பிஜிவெக்டர் என்ற விரிவாக்கம் வெளியாரால் எழுதப்பட்டிருந்தது. மரியாடிபி அதைத் தன் மையத்துக்குள்ளேயே கொண்டுவந்து, 2025-இல் 11.8 நீண்டகாலப் பதிப்பில் இண்டெக்ஸோடு சேர்த்து அளித்தது. மைஎஸ்க்யூஎல் 9.0 வெக்டர் என்ற தரவு வகையை இலவசப் பதிப்பில் சேர்த்தது. ஆனால் இரண்டு வெக்டர்களுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிடும் ஃபங்ஷன் ஆரக்கிளின் ஹீட்வேவ் மேகச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. எஸ்க்யூலைட்டின் மையம் மாறவில்லை. மற்றவர்கள் துணை விரிவாக்கங்களை எழுதினார்கள். ஒப்பீட்டு அட்டவணை ஒன்றில் இந்த நான்கு நிலைகளும் 'வெக்டர்: உண்டு' என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடக் கூடும்.

தேர்வு என்று வரும்போது என் பரிந்துரை இது. ஒரே கணினியில் அல்லது ஒரே கைப்பேசியில் இயங்கும் செயலிக்கு எஸ்க்யூலைட் போதும். பலர் இணைந்து பயன்படுத்தும் புதிய செயலியைத் தொடங்குபவர் போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்ளலாம். கண்டிப்பான சோதனைகள், பரிவர்த்தனைக்குள் அமைப்பு மாற்றம், விரிவாக்கங்கள், ஒரு நிறுவனத்தைச் சாராமை ஆகிய நான்கும் அதில் சேர்ந்து கிடைக்கின்றன. ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல்லையோ மரியாடிபியையோ நன்கு அறிந்தவர்கள் குழுவில் இருந்தால், பட்டியலில் ஓரிரு சரிக்குறிகள் கூடுதலாகத் தெரிகின்றன என்பதற்காக மாறத் தேவையில்லை. நள்ளிரவில் சர்வர் நின்றுபோகும்போது, ரெப்ளிகேஷனைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர் இருப்பது எந்த வசதியைவிடவும் மதிப்புள்ளது.

தேர்ந்தெடுக்கும் முன், மேம்படுத்தும் வழியையும் ஒருமுறை செய்தே பார்த்துவிடுவது நல்லது. போஸ்ட்கிரெஸில் சிறு வெளியீட்டுக்கு நிரலை மாற்றி மீண்டும் தொடங்கினால் போதும்; முதன்மைப் பதிப்பு மாறும்போது பிஜி_அப்கிரேட் என்ற கருவியை ஓட்ட வேண்டும், அது இடைப்பட்ட பதிப்புகளைத் தாண்டிச் செல்லவும் அனுமதிக்கும். மைஎஸ்க்யூஎல்லில் 8.0-இலிருந்து 9 வரிசைக்கு நேராகத் தாவ முடியாது, 8.4 வழியாகவே செல்ல வேண்டும், 8.0-க்கு ஏறிய தரவுக் கோப்புகளைக் கொண்டு 5.7-க்கு இறங்கவும் முடியாது. மைஎஸ்க்யூஎல் 8.0 எழுதிய கோப்புகளை மரியாடிபியால் நேரடியாகத் திறக்க முடியாததால், தரவை எஸ்க்யூஎல் கட்டளைகளாக வெளியேற்றி மீண்டும் ஏற்ற வேண்டும். தரவு பெரிதாக இருந்தால் அதற்கு எத்தனை மணிநேரம் ஆகும் என்பதை ஒரு நகலில் ஓட்டிப் பார்த்துத்தான் அறிய முடியும்.